சி.ஆர்.பி. நார்மல்தான், ஆனால் விரல் மடங்கவில்லை

இது நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்துவிட்டுப் படிக்காதீர்கள்.

எனக்கு சொரியாசிஸ் இருப்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். டீச்சர் ஏன் சித்திரை வெயிலிலும் முழங்கை மூடிய ரவிக்கை போட்டார் என்று மீதிப் பேருக்கு இப்போது புரியும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. போன மாதம் ஒரு மாணவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு போட்டோக்கள்தான் எழுத வைத்தன. பெயர் போடவில்லை. "எழுதலாமா?" என்று கேட்டேன். "எழுதுங்க டீச்சர், நாலு பேருக்கு உதவட்டும்" என்றான்.

அவன் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். வயது நாற்பதுக்குள். முதல் போட்டோ லேப் ரிப்போர்ட். சி.ஆர்.பி. 3.1. ஈ.எஸ்.ஆர். 14. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். யூரிக் ஆசிட் சரியான அளவு. அதற்குக் கீழே எழுதியிருந்தான்: "எல்லாம் நார்மல் டீச்சர். அப்ப தோல்ல இருக்கிறது வெறும் படைதானே? மருந்தெல்லாம் நிறுத்திடலாம்னு இருக்கேன். ஒருத்தர் பொடி தர்றார், சாப்பிடலாமா?"

இரண்டாவது போட்டோ அவனுடைய வலது கை. நடுவிரல் அடியிலிருந்து நுனி வரை ஒரே தடிமனாக வீங்கியிருந்தது. நகங்களில் குண்டூசியால் குத்தியது போலப் புள்ளிப் புள்ளியாகப் பள்ளம். உடனே போன் போட்டேன். "காலையில எழுந்ததும் கியர் ராடைப் பிடிக்க முடியுதாப்பா?" என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் ஆகும் டீச்சர். வெந்நீர்ல கையை வச்சா கொஞ்சம் விடும்" என்றான்.

அன்று அவனிடம் சொன்னதையும், பிறகு நடந்ததையும், இத்தனை வருஷத்தில் நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் டீச்சர் டிரெய்னிங் படித்தவள், டாக்டர் இல்லை. ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பது போலத்தான் எடுப்பேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001இல் அரியலூர் பிரிந்தது, அடுத்த வருஷமே மறுபடி சேர்ந்தது, 2007இல் திரும்பவும் பிரிந்தது. இத்தனைக்கும் நான் அதே பஸ்ஸில்தான் போய்வந்துகொண்டிருந்தேன். முழங்கையில் வெள்ளிச் செதில் மாதிரி முதலில் வந்தபோது தொழுநோய்க் கணக்கெடுப்புக்காரர்கள் பள்ளிகளுக்கு வரும் காலம். பிள்ளைகளின் முதுகு, கை, கால் எல்லாம் பார்ப்பார்கள். வெளிறிய தேமல் இருந்தால் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் லேசாகத் தொட்டு, "எங்கே தொட்டேன், காட்டு" என்பார்கள். ஒருநாள் அந்தப் பணியாளர் என் கையைப் பார்த்துவிட்டார். பிள்ளைகள் வெளியே போகும்வரை காத்திருந்து எனக்கும் அதே சோதனை செய்தார். "உணர்ச்சி நல்லா இருக்கு டீச்சர். இது எங்க நோய் இல்லை. தோல் டாக்டரைப் பாருங்க" என்றார். அந்த மனிதர் காத்திருந்த ஐந்து நிமிஷத்தை நான் மறக்கவில்லை.

ஐரோப்பாவிலேயே இந்த நோயைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 1841இல் வியன்னாவைச் சேர்ந்த ஹெப்ரா என்ற மருத்துவர்தான் இரண்டும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்தார் என்பார்கள். நம் ஊரில் அந்தச் செய்தி வந்து சேரத் தாமதம். ஒரு அம்மா தன் மகளை என் வகுப்பிலிருந்து மாற்றச் சொல்லி வந்து நின்றார். தலைமையாசிரியர் மாற்றவில்லை. அந்த மகள் இப்போது இந்த நண்பர்கள் பட்டியலில் இருக்கிறாள். விஷயம் அவளுக்கே தெரியாது.

இப்போது பாடத்துக்கு வருவோம்.

நம் மேல்தோல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அது ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அவசரமாகப் பிறந்த தோல் சரியாக முதிராமல் அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது. அதுதான் செதில். ரொம்ப காலம் இதைத் தோலின் கோளாறு என்றே நினைத்தார்கள். 1979இல் மூட்டுவாதத்துக்காக சைக்ளோஸ்போரின் கொடுக்கப்பட்ட சிலருக்குத் தோலும் சுத்தமாவதைப் பார்த்தார்கள். அது உடலின் எதிர்ப்புச் சக்தியை, குறிப்பாக டி-செல் என்னும் வெள்ளையணுக்களை அடக்குகிற மருந்து. தவறு தோலில் மட்டும் இல்லை, காவல்காரர்களிடம் இருக்கிறது என்று அப்போதுதான் வலுவாகப் புரிந்தது. அந்தக் காவல்காரர்கள் ஒருவருக்கொருவர் ரசாயனச் சீட்டு அனுப்பிக்கொள்கிறார்கள். இன்டர்லூக்கின் 23, இன்டர்லூக்கின் 17, டி.என்.எஃப். என்றெல்லாம் பெயர். 23 போய் ஒரு வகை டி-செல்லைக் கிளப்பும், அது 17ஐ வெளியிடும், 17 வந்ததும் தோல் செல்கள் வேகமாகப் பெருகி, இன்னும் வெள்ளையணுக்களை வரச் சொல்லிக் கூப்பிடும். வந்தவை மறுபடி சீட்டு அனுப்பும். சண்டை ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சரி, இவ்வளவு சண்டை நடந்தால் ரத்தத்தில் தெரிய வேண்டாமா? என் மாணவன் கேட்டதும் இதுதான்.

நம் பள்ளியை நினைத்துப் பாருங்கள். கடைசி வகுப்பறையில் இரண்டு பையன்கள் கட்டிப் புரளுகிறார்கள். ஹெச்.எம். அறை வராண்டாவின் இந்தக் கோடியில். சத்தம் பெரிதாக இருந்தால் ஹெச்.எம். காதில் விழும், மணி அடிப்பார். வாயைப் பொத்திக்கொண்டு அடித்துக்கொண்டால் மணியே அடிக்காது, ஆனால் ஒருவன் பல் உடைந்திருக்கும். தோலும் மூட்டும் வகுப்பறை. ரத்தம் வராண்டா. கல்லீரல் ஹெச்.எம். அறை. சி.ஆர்.பி. அந்த மணி.

சி.ஆர்.பி. கல்லீரலில் உற்பத்தியாகிற ஒரு புரதம். இன்டர்லூக்கின் 6 என்ற சீட்டு ரத்தம் வழியாக வந்து சேர்ந்தால் கல்லீரல் அதை நிறையச் செய்யும். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். அதாவது இது சொரியாசிஸுக்கென்று பிறந்த பரிசோதனை இல்லை. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, அடிபட்ட காயம் எதற்கும் ஏறும். என் சொந்த அனுபவம் ஒன்று. நான்கு வருஷத்துக்கு முன் என் தோல் கண்ணாடி மாதிரி இருந்தது, சி.ஆர்.பி. 18 வந்தது. வீட்டில் எல்லோரும் நோய் திரும்புகிறது என்று பயந்தார்கள். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ். பல்லைப் பிடுங்கிப் பத்து நாளில் 4க்கு வந்துவிட்டது. சி.ஆர்.பி. சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும்.

ஈ.எஸ்.ஆர். அதைவிடப் பழையது, மெதுவானது. ரத்தத்தை ஒரு நீளக் குழாயில் நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. உடலில் அழற்சி இருந்தால் சில புரதங்கள் கூடி, அணுக்கள் காசு அடுக்கியது போல் ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். ஆனால் ரத்தசோகை இருந்தாலும் ஏறும், வயதானாலும் ஏறும், பெண்களுக்கு இயல்பாகவே கொஞ்சம் கூட. பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது மேல் எல்லை என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. எனக்கு 64. கணக்கு போடுங்கள், 37 வரும். என் ரிப்போர்ட்டில் 32 என்று இருந்ததை லேப்காரர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். பெண்கள் பலர் சாப்பிடாமல் கொள்ளாமல் ரத்தசோகையோடு வயல் வேலை பார்க்கிற ஊர் நம்முடையது. இங்கே ஈ.எஸ்.ஆர். ஏறினால் அது எதைச் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

மூன்றாவதாக ஒன்று இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. சாதாரண சி.பி.சி. ரிப்போர்ட்டிலேயே நியூட்ரோஃபில் 68, லிம்ஃபோசைட் 24 என்று இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.8 சொச்சம். இந்த விகிதம் சொரியாசிஸ் உள்ளவர்களுக்குச் சராசரியாக மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. உண்மைதான். ஆனால் 'சராசரியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'அ' பிரிவின் கணக்கு சராசரி 65, 'ஆ' பிரிவின் சராசரி 58. ஒரு பையன் 62 வாங்கியிருக்கிறான், எந்தப் பிரிவு என்று சொல்லுங்கள் பார்க்கலாம். முடியாதல்லவா? ஒரு கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள உதவுகிற எண் ஒரு ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உதவாது.

இன்டர்லூக்கின் 17ஐயே நேராக அளந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் அளக்கிறார்கள். ஆனால் அந்தச் சீட்டு பெரும்பாலும் வகுப்பறைக்குள்ளேயே கைமாறுகிறது. வராண்டாவுக்கு வருவது கொஞ்சம், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் அன்றாட வைத்தியத்துக்கு அதைக் கேட்பதில்லை. யாராவது பல ஆயிரம் ரூபாய்க்கு 'முழு இம்யூனிட்டி பேனல்' எடுக்கச் சொன்னால், இதில் என்ன வந்தால் மருந்தை மாற்றுவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சொரியாசிஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனையும் இன்று வரை இல்லை. டாக்டர் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான். சந்தேகம் என்றால் துளித் தோல் எடுத்து பயாப்ஸி செய்வார்கள். எவ்வளவு என்பதற்கும் கைதான் அளவுகோல்: அவரவர் உள்ளங்கை விரல்களோடு சேர்த்து உடம்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். அதோடு சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு 0 முதல் 72 வரை ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், பாசி என்று பெயர். 72க்கு 72 வாங்கக் கூடாத ஒரே பரீட்சை.

மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது மூட்டையும் பிடிக்கும். நகத்தில் பள்ளம் விழுந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்த மூட்டுவாதத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர் பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும். சி.ஆர்.பி.யும் பலருக்கு ஏறாது. விரல் முழுசாக வீங்குவது, காலையில் விறைப்பு, ஓய்வில் அதிகமாகி வேலை செய்யச் செய்யக் குறையும் வலி, குதிகால் வலி ஆகியவைதான் அடையாளம். விட்டுவிட்டால் எலும்பு அரிக்கும், கோணின விரல் நிமிராது. லாரி ஓட்டுகிறவனுக்கு வலது கை போனால் வீடே நின்றுவிடும். இரண்டு பெண் குழந்தைகள் வைத்திருக்கிறான்.

"ரிப்போர்ட்டைப் பாக்கெட்டில் வை, கையைக் காட்டு" என்று சொல்லித் திருச்சிக்கு அனுப்பினேன். பெரம்பலூரில் இருந்திருந்தால் ரயிலும் கிடையாது. அரியலூர்க்காரன் என்பதால் காலை வண்டி பிடித்துப் போய்விட்டான். மூட்டுவாத மருத்துவர் ரிப்போர்ட்டைக் கடைசியில்தான் பார்த்தாராம். முதலில் விரலை அழுத்திப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், தலைமுடியை விலக்கிப் பார்த்தார். அல்ட்ராசவுண்டில் விரல் தசைநாரைச் சுற்றி நீர் கோத்திருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் அரிக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். நானும் பல வருஷம் சாப்பிட்ட மாத்திரை. இதில் ஒரு விஷயத்தை எல்லோரும் மனசில் எழுதிக்கொள்ளுங்கள்: மூட்டுக்கும் தோலுக்கும் இது வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் விழுங்கி எலும்பு மஜ்ஜை கெட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. காலண்டரில் கிழமைக்கு வட்டம் போடுங்கள். அவன் புதன்கிழமை வைத்திருக்கிறான். டாக்டர் சொன்ன இன்னொரு நாளில் ஃபோலிக் ஆசிட். பிள்ளை பெற நினைக்கிறவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இந்த மாத்திரையோடு குடி ஆகாது, கல்லீரல் தாங்காது. (சனிக்கிழமை சாயங்காலம் பற்றி உனக்கே தெரியும் ராஜா, இங்கே விவரமாக எழுதவில்லை.) ரத்தப் பரிசோதனைகள் உண்மையில் பயன்படுவது இங்கேதான். வெள்ளையணு குறைகிறதா, கல்லீரல் எண் ஏறுகிறதா, கிரியேட்டினின் எப்படி என்று டாக்டர் சொன்ன தேதியில் எடுத்தே ஆக வேண்டும். நோயைக் கண்டுபிடிக்க அல்ல, மருந்தைக் காவல் காக்க.

டீச்சர் என்பதால் ஒரு கிளைக்கதை. அந்த மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் ஆசிட்டும் ஒரே ஆளின் ஆய்வுக் குழுவோடு சம்பந்தப்பட்டவை. எல்லப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை சென்னையில் தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.க்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. அமெரிக்கா போய், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகச் செய்த குழுவை நடத்தினார். அதையே கொஞ்சம் மாற்றி, செல்லை ஏமாற்றுகிற எதிரி மருந்துகளையும் செய்தார்கள். முதலில் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுத்தது. 1951இல் அந்த வகை மருந்தால் சொரியாசிஸ் படைகள் மறைவதைக் கவனித்தார்கள். சுப்பாராவ் அதைப் பார்க்கவில்லை, 1948இலேயே போய்விட்டார். இரண்டு தடவை ஃபெயில் ஆனவர் என்பதை என் வகுப்பில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஞாபகம் இருக்கிறதா?

பொடி விஷயம். சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறுமே, அதை நானும் தடவியிருக்கிறேன், அரிப்புக்கு இதமாக இருந்தது. படித்த சித்த மருத்துவரிடம் போவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெயரில்லாத பொட்டலத்தில், 'ஒரே வாரத்தில் காணாமல் போகும்' என்று தருகிறார்களே, அது வேறு. ஒரு வாரத்தில் காணாமல் போக வைப்பது பெரும்பாலும் அதில் அரைத்துக் கலந்த ஸ்டீராய்டுதான். சில கடைகளில் போடுகிற ஊசியும் அதே. நிறுத்தியதும் படை இரட்டிப்பாகத் திரும்பும். சிலருக்கு உடம்பெல்லாம் சிவந்து சீழ்க்கொப்புளமாகி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும். அவன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு இப்போது ஊசி மருந்துகள் இருக்கின்றன. டி.என்.எஃப்., 17, 23 என்று ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாகப் பிடித்து நிறுத்துபவை. நம் நாட்டிலேயே பெங்களூர் பயோகான் நிறுவனம் கியூபா ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கிய இட்டோலிசுமாப், 2013இல் சொரியாசிஸுக்கு அனுமதி பெற்றது. கொரோனா நேரத்தில் பத்திரிகையில் படித்திருப்பீர்கள், அதே மருந்துதான். விலை நம் போன்றவர்களுக்கு எட்டாத தூரம். ஆனால் தேவைப்பட்டால் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். போடும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். டி.என்.எஃப். தான் நுரையீரலில் தூங்குகிற காசநோய்க் கிருமியைச் சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கிறது. அதை நிறுத்தினால் சுவர் இடியும். மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனைகளையும் கேட்பார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

நம் உறவில் ஒரு பேத்திக்குத் தொண்டைவலி வந்து இரண்டு வாரம் கழித்து உடம்பெல்லாம் மழைத்துளி தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள் வந்தன. அதுவும் இதில் ஒரு வகை. ஏ.எஸ்.ஓ. என்ற பரிசோதனையில் தொண்டைக் கிருமி வந்துபோன தடம் தெரிந்தது. மூன்று மாதத்தில் மறைந்துவிட்டது. சிலருக்கு மறையும், சிலருக்குப் பின்னால் படையாகத் தொடரும்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இது தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் இல்லை. போன தையில் நம் வீட்டுக் கல்யாணப் பேச்சு ஒன்று இதனால்தான் நின்றது என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் சி.ஆர்.பி. ரிப்போர்ட் கேட்டார்களாம்! எதைக் கேட்பது என்று கூடத் தெரியாமல் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் தங்கம். இதைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இந்த நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். அந்த எண்களை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். இடுப்பளவையும் சேர்த்துத்தான்.

மாணவன் நாலாவது புதன் மாத்திரை போட்டாயிற்று. வீக்கம் பாதி வடிந்திருக்கிறது, முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் எடுக்க அடுத்த வாரம் போகிறான்.

எனக்கு இன்பாக்ஸில் ரிப்போர்ட் அனுப்பாதீர்கள், எனக்குப் படித்துச் சொல்லத் தகுதி இல்லை. கை, கால், நகத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். வீங்குகிற அன்றைக்கு எடுங்கள், ஏனென்றால் டாக்டரிடம் போகிற அன்றைக்கு அது வடிந்திருக்கும்.